ஒரு கட்டையில் மூன்று கிண்ணம்

டெஸ் ஒரு திருடன் என்று மர்டாக் முடிவு கட்டிவிட்டார். மரக்கிண்ணம் கடைகிற டெஸ் இன்னும் கட்டையைக் கடையவே ஆரம்பிக்கவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு டெஸ்ஸின் பட்டறையில் மர்டாக்கின் வால்நட் கட்டையை இரண்டு பேருமாக வண்டியிலிருந்து இறக்கினார்கள். இறக்கி வைத்ததும் டெஸ் அதைத் தட்டிப் பார்த்து, "அடேயப்பா!" என்றான். அவ்வளவுதான். அந்த அடேயப்பாவில் ஆசை இருந்ததாம். போதாதா?

மர்டாக் கெடீஸ் அப்படிப்பட்ட ஆள். டாப்பனூயி ஊர்ப் பக்கத்தில் எங்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஆட்டு ரோமம் கத்தரிக்க ஆள் வந்தால் கத்தரிப்பதைப் பார்க்க மாட்டார், வந்தவர்களின் பையைப் பார்ப்பார். பக்கத்துப் பண்ணையில் ஓர் ஆடு கத்தினால் அது தன் ஆட்டின் குரல் என்பார். தேவாலயத்தில் தேநீர் கொடுத்தால், கழற்றி மாட்டிய கோட்டை எவனாவது போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று, கோட்டோடேயே வேர்க்க விறுவிறுக்க நின்று குடிப்பார். ஆனால் மனிதர் கெட்டவர் இல்லை. ஆறு பெருகி வந்த வருஷம் மூன்று வீட்டு மாடுகளை இடுப்பளவு தண்ணீரில் ஓட்டிக் கரை சேர்த்தவர் அவர்தான். மறுநாளே அந்த மூன்று வீட்டுக்கும் போய், "என் கயிறு ஒண்ணு குறையுது" என்று நின்றவரும் அவர்தான். என்ன செய்வது, பிறவிக் குணம்.

அந்தக் குணத்தால் பெற்ற மகளையே இழந்திருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி எஸ்மி இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவளுடைய மூன்று மோதிரங்களைக் காணவில்லை. கடைசி மாதம் முழுக்க அம்மாவின் கட்டிலருகே இருந்து பார்த்துக்கொண்டவள் மூத்த மகள் ஐல்சா. தம்பிகள் இரண்டு பேரும் அவர்கள் மனைவிமாரும் நின்று பார்க்க, சமையலறையில் வைத்து மர்டாக் அவளிடம், "பையத் திற" என்றார். ஐல்சா திறந்தாள். உள்ளே மோதிரம் இல்லை. திறந்த பையை மூடக்கூட இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு வெலிங்டன் போனவள்தான். அப்புறம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஃப்ரீசரின் அடியில் கிடந்த பழைய பட்டாணிப் பொட்டலத்தைத் தூக்கிப் போடப் போனார் மர்டாக். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. கடைசிக் காலத்தில் எஸ்மி நினைவு தப்பி, எதை எங்கே வைக்கிறோம் என்றே தெரியாமல் இருந்தாள். மூன்று மோதிரங்களும் பட்டாணிக்குள் இருந்தன.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஃபோனை எடுப்பார், வைப்பார். ஒரு மாதம் போயிற்று. சொல்லாமல் போன அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று இன்னொரு மாதம் போயிற்று. இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது ஐல்சாவே இரண்டு வரி எழுதியிருந்தாள். வேலை விஷயமாகத் தெற்கே வருகிறாள். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருவாள். ஒரு மணி நேரம் இருப்பாள்.

அதற்காகத்தான் கிண்ணம். கம்பளிக் கொட்டகை ஓரம் நின்ற வால்நட் மரம் காற்றில் சாய்ந்தபோது அறுத்து, வெடிக்காமல் இருக்க வெட்டுமுகத்தில் பெயிண்ட் பூசிப் போட்டிருந்த கட்டைகளில் பெரியது ஒன்றை எடுத்தார். ஒரே கட்டையில் மூன்று கிண்ணம், மூன்று பிள்ளைகளுக்கு. அதில் மிகப் பெரியது ஐல்சாவுக்கு. அதை அவள் கையில் கொடுத்தால் போதும், அவளே புரிந்துகொள்வாள், நாம் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இதுதான் கிழவர் போட்ட கணக்கு.

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு டெஸ்ஸைவிட்டால் ஆள் கிடையாது. சும்மா கிண்ணம் கடைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கடைந்தால் கட்டையின் உட்புறம் முழுக்கச் சீவலாகித் தரையில் கிடக்கும். டெஸ்ஸிடம் வளைகத்தி இருந்தது. லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் ஒரு தாங்கியை முடுக்கி, அரிவாள்போல வளைந்த அந்தக் கத்தியை அதில் பூட்டி, சுழல்கிற கட்டைக்குள் மெல்ல மெல்லத் தள்ளுவான். வெங்காயத்தின் உள்ளடுக்கு கழன்று வருகிற மாதிரி, கிண்ணத்துக்குள்ளிருந்து கிண்ணம் கழன்று வரும். முதலில் வரும் சின்னதுக்கு அவன் வைத்த பெயர் கடைக்குட்டி. அடுத்தடுத்து அதைவிடப் பெரியவை வரும். கடைசியில் மிஞ்சும் வெளிக்கூடுதான் எல்லாவற்றிலும் பெரிய கிண்ணம். அதைத் தாய் என்பான். மரம் கொண்டுவந்தவருக்கு எல்லாக் கிண்ணமும் சேரும், கடைக்குட்டி மட்டும் டெஸ்ஸுக்கு. அதுதான் வழக்கம், கூலி என்று தனியாக ஒன்றும் கிடையாது.

அந்தக் கடைக்குட்டிதான் வழி நெடுக மர்டாக்கின் மனசை அரித்துக்கொண்டு வந்தது.

"நாலு வரும்னு ஃபோன்ல சொன்னியேப்பா?" என்றார்.

"வரும் பெரியவரே. எனக்கு ஒரு டீக்கப் அளவுக்கு, உங்களுக்கு மூணு. மரம் ஒத்துழைக்கணும்."

"மரம் ஏன் ஒத்துழைக்காது?"

"அத மரத்தத்தான் கேக்கணும்."

இந்தப் பதில் மர்டாக்குக்குப் பிடிக்கவில்லை. அளவுநாடாவும் ஒரு முக்காலியும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். முக்காலியை லேத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அங்க வேண்டாம். கட்டை தெறிச்சா நேரா உங்க மூஞ்சிதான்."

"என் மூஞ்சி, நான் பாத்துக்கறேன்."

"பல்லு போச்சுன்னா என்னக் கேக்கக் கூடாது."

"அது கட்டின பல்லு. நீ வேலையப் பாரு."

பார்க்கவிடாமல் ஓரங்கட்டப் பார்க்கிறான் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே, பல்லுக்குப் பயந்து ஓர் அடி தள்ளியும் உட்கார்ந்தார்.

டெஸ் முதலில் கட்டையின் வெளிப்புறத்தை உருட்டிக் கடைந்தான். அடியில், லேத்தின் தாடை கவ்வுவதற்கென்று சின்னதாக ஒரு பாதம் விட்டான். திருப்பி மாட்டி, முகத்தைச் சீவினான். சீவியதும் லேத்தை நிறுத்திவிட்டு, கட்டைவிரலில் எச்சில் தொட்டு நடுவில் தேய்த்தான்.

"ஐயோ. இங்க பாருங்க பெரியவரே, ஒரு வெடிப்பு ஓடுது."

மர்டாக் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அதை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. வெடிப்பும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார்.

"மயிரிழை மாதிரி இருக்கு. அத விட்டு விலகி அகலமா வெட்டணும். வெடிப்பு மொத்தமும் கடைக்குட்டிக்குள்ள போயிடும், மத்தது சுத்தமா வரும்."

கத்தி உள்ளே போயிற்று. சீவல் நாடா நாடாவாகப் பறந்து கிழவரின் மடியில் விழுந்தது. கால் மணி நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம் வந்தது. டெஸ் கடைக்குட்டியைக் கையில் எடுத்தான். டீக்கப்பா அது? ஒரு குடும்பத்துக்கே சூப் ஊற்றலாம்!

மர்டாக்குக்கு உள்ளே குபீரென்று பற்றியது. அப்படியா சங்கதி! இல்லாத ஒரு வெடிப்பைக் காட்டி, தன் பங்கைப் பெரிதாக்கிக்கொண்டான் பயல். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ஆனாலும் இன்னும் என்னென்ன செய்கிறான், பார்க்கலாம் என்று இருந்தார்.

அடுத்த கிண்ணமும் வந்தது. அது நல்ல அகலம், அழகான கறுப்பு ரேகை. டெஸ் அதை மெத்தைமாதிரிக் கிடந்த சீவலின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். தாடையில் தாய் மட்டும் இருந்தது.

"அவ்வளவுதான். உங்களுக்கு ரெண்டு."

"ரெண்டா? மூணுன்னு சொன்ன!"

"வெடிப்புக்காக விலகினேன்ல, அதுல ஒரு கிண்ணத்தோட இடம் போயிடுச்சு."

மர்டாக் அளவுநாடாவை உருவினார். வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், உதடு அசையக் கழித்தார்.

"சுவர் ரெண்டு அங்குலம். அடி ஒன்றரை அங்குலம். இதுக்குள்ள ஒரு கிண்ணம் உக்காந்திருக்கு. எடு."

டெஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாதத்தையும் சேத்து அளந்துட்டீங்களே! அது கிண்ணமில்ல, லேத்து பிடிக்கறதுக்கு விட்டது. கடைசியில அதச் சீவித் தள்ளிடுவேன். ஆட்ட எடை போடறப்ப குளம்பையும் கறிக்கணக்குல சேப்பீங்களா?"

"பேச்ச மாத்தாத."

"மாத்தல. ஒன்றரைல பாதம் அரை போச்சு. கத்தி அரை தின்னுடும். மிச்ச அரை அங்குலத்துல ரெண்டு கிண்ணத்துக்கு அடி வேணும். இம்மி பிசகினாலும் தாய்க்கு அடியே இருக்காது, வெறும் வளையம்தான். வேண்டாம்."

"மூணு பிள்ளைங்க எனக்கு. ரெண்ட வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

டெஸ் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கடைக்குட்டியை எடுத்து நீட்டினான். "இந்தாங்க, இதையும் நீங்களே எடுத்துக்கங்க. மூணாச்சு. எனக்கு ஒண்ணும் வேண்டாம். வெடிப்புல பசை விட்டா நாள்பட நிக்கும்."

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி வாங்கியிருப்பார்கள். மர்டாக் அந்தக் கையைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவருக்குத் தெரியாதா, ஐம்பது வருஷம் ஆடு மேய்த்தவர்!

"வெடிப்பு விட்டத என் தலைல கட்டப் பாக்கறியா?"

சற்றுமுன் வெடிப்பே இல்லை என்று நினைத்தவர் அவர்தான். இப்போது அதே வெடிப்பு அவருக்குச் சாட்சியாகிவிட்டது. டெஸ் வாயைத் திறப்பதற்குள் கிழவர் சுவர் அலமாரியைக் காட்டிக் கத்தினார்: "அதோ அங்க முப்பது நாப்பது கடைக்குட்டி அடுக்கி வச்சிருக்கியே, அதெல்லாம் எத்தன வீட்டு மரம்? ஒவ்வொருத்தன்கிட்டயும் இதே வெடிப்புக் கதையச் சொல்லித்தான சேத்த? திருட்டுப் பயலே!"

டெஸ்ஸின் முகம் சுருங்கிப்போயிற்று. அவன் எதிர்த்துக் கத்தியிருந்தால் மர்டாக்குக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

"மரம் உங்களுது. வெட்டச் சொன்னா வெட்டறேன். வேண்டாம்னு ஒரு தடவ சொல்லிட்டேன். இப்ப ரெண்டாந்தடவையும் சொல்றேன் மர்டாக், வேண்டாம்."

"வெட்டு."

டெஸ் கத்தியைப் பூட்டினான். லேத் உறுமியது. பாதிவரை ஒழுங்காகத்தான் போயிற்று. மர்டாக்குக்குக்கூட, பார்த்தாயா, வருகிறதே, என்று ஒரு குஷி. அப்புறம் அந்த உறுமல் மெலிந்து மெலிந்து விசில்மாதிரி ஆனது. டெஸ்ஸின் கை பொத்தானுக்குத் தாவியது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. புதிய கிண்ணம் தாடையிலேயே நின்றது. தாய் அதிலிருந்து கழன்று, கத்தியின் கழுத்தில் தொங்கி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அதற்கு அடி இல்லை. உள்ளே கையை விட்டால் அந்தப் பக்கம் விரல் வந்தது.

ஐல்சாவுக்கென்று வைத்தது அது ஒன்றுதான்.

"வேணும்னுதான பண்ண?" என்றார்.

டெஸ் எல்லாவற்றையும் கழற்றி, தூசு தட்டி, ஒரு கோணிப்பையில் போட்டு வண்டியில் வைத்தான். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோது கடைக்குட்டியும் அதில் இருந்தது. இதை எதற்காகப் போட்டான், இதில் என்ன சூது, என்று மர்டாக் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வெடிப்பு நடுவில் பளிச்சென்று ஓடியது.

சனிக்கிழமை மத்தியானம் ஐல்சா வந்தாள். நரை விழுந்திருந்தது. அப்படியே எஸ்மியின் நெற்றி. கடையில் வாங்கிய சீஸ் ரோல் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மர்டாக் தேநீர் ஊற்றினார். சாலை எப்படி இருந்தது, மழை எப்படி இருந்தது என்று கேட்டார். அவளும் சொன்னாள்.

"வர்ற வழியில பெட்ரோல் போட நின்னேன். டெஸ் அங்க இருந்தார். நான்தான்னு தெரிஞ்சதும் ஓடி வந்து மன்னிப்பு கேக்கறார்" என்றாள்.

மர்டாக்கின் கோப்பை பாதி வழியில் நின்றது. "எதுக்காம்?"

"எனக்குன்னு பெரிய கிண்ணம் ஒண்ணு செய்யச் சொன்னீங்களாம். அவர் கை தவறிக் கெடுத்துட்டாராம். பாவம், மனுஷன் ரொம்ப வருத்தப்பட்டார்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க பக்கத்துலயே இருந்தும் ஒரு வார்த்தகூடத் திட்டலையாமே? நிஜமாவா அப்பா?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். ஆறு வருஷத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

மர்டாக்கின் புத்தி உடனே மோப்பம் பிடிக்க ஓடியது. ஏன் சொன்னான்? ஊரில் நான் அவனைப்பற்றிப் பேசிவிடுவேன் என்ற பயமா? என் கொட்டகையில் கிடக்கிற மிச்ச வால்நட்மேல் கண்ணா? மகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு என்னிடம் எதையாவது கறக்கப் பார்க்கிறானா? எத்தனை மூலையில் தேடினாலும் அதில் டெஸ்ஸுக்கு ஒரு லாபமும் அகப்படவில்லை. தன்னைத் திருடன் என்று சொன்னவருக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

"நீங்க மாறிட்டீங்கன்னு இங்க யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் ஐல்சா. கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள். "ஒரு மணி நேரம்னுதான் எழுதினேன். இருந்து சாப்பிட்டே போகலாமோன்னு இப்பத் தோணுது."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் கோட்டைக் கழற்றிவிடுவாள். மர்டாக்குக்கு அது தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்காக வந்தது இல்லையே! டெஸ் பொய் சொல்லி வாங்கிக் கொடுத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது, பொறுக்க முடியாத வெட்கம்.

"அவன் கை தவறல" என்றார்.

"என்ன?"

"வேண்டாம் வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னான். நான்தான் வெட்டுன்னேன். என் மரத்தத் திருடறான்னு நெனச்சேன். திருட்டுப் பயலேன்னு சொன்னேன், அவன் மூஞ்சிக்கு நேரா."

ஐல்சாவின் கை பொத்தானிலேயே நின்றது. சிரிப்பு போய்விட்டது. மர்டாக் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்னொரு நாலு வருஷம் ஓடிவிடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

"மோதிரம் கெடச்சிருச்சு, ஐல்சா. பட்டாணிப் பொட்டலத்துல இருந்துச்சு. உங்கம்மாதான் வச்சிருக்கா."

"எப்ப?"

"நாலு வருஷமாச்சு."

ஐல்சா மேஜைவிரிப்பின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"வெலிங்டன்ல மூணு வீடு மாத்திட்டேன் அப்பா. ஃபோன் நம்பர் மட்டும் மாத்தவே இல்ல."

மர்டாக் தலை குனிந்தார்.

"மோதிரத்தக் கொண்டு வாங்க" என்றாள்.

அவர் உள்ளே போய்ப் பொட்டலத்தோடு கொண்டுவந்து மோதிரங்களை மேஜைமேல் கொட்டினார். ஐல்சா தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எண்ணுங்க."

"எதுக்கும்மா?"

"சத்தமா எண்ணுங்க. நான் போனப்புறம் ஒண்ணு குறையுதுன்னு சொல்லக் கூடாது பாருங்க."

மர்டாக்கின் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

"சரியா இருக்கா?"

"இருக்கு. நான் தப்புப் பண்ணிட்டேன்மா. ரெண்டு தடவ பண்ணிட்டேன். உன்னச் சொன்னது ஒண்ணு, கெடச்சும் சொல்லாம இருந்தது ஒண்ணு. எடுத்துக்க, எல்லாம் உனக்குத்தான்."

"இன்னிக்கு வேண்டாம்." ஐல்சா எழுந்து, கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டாள். கார்ச் சாவியை எடுத்தாள். போகிறாள் என்று நினைத்து மர்டாக் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவள் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள்.

"ஏன் உக்காந்திருக்கீங்க? கார்ல ஏறுங்க. டெஸ் வீட்டுக்குப் போறோம். தப்புப் பண்ணிட்டேன்னு இதே வார்த்தைய அவர்கிட்ட முதல்ல சொல்லுங்க. என் முறை அப்புறம்."

மர்டாக் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.